குண்டு விழுந்த குழியில் மீன்குஞ்சு

(எங்கள் சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய பேச்சு. மலர்க் குழுவினர் கேட்டதற்கிணங்க, பேசியபடியே சிறு திருத்தங்களுடன் எழுதித் தந்திருக்கிறேன்.)



செயலாளர் தம்பி என்னைக் கேட்டது இருபது நிமிடப் பேச்சு. “புலம்பெயர் வாழ்வும் பண்பாடும் எண்டு ஏதாவது கதையுங்கோ அண்ணை” என்றார். அது எனக்கு வராது. எனக்குத் தெரிந்தது மீன் ஒன்றுதான். முல்லைத்தீவிலே குளத்து மீன் கணக்கெழுதுகிற சின்ன உத்தியோகம் பார்த்தேன். 1987இல் இந்த நோர்வே நாட்டுக்கு வந்தேன். வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் பதினொரு வருடம் கத்தி பிடித்தேன். இந்த மண்டபத்தில் இருக்கிற அண்ணன்மாரில் பாதிப்பேர் என்னோடு அதே மேசையில் நின்றவர்கள்தான். அந்தக் குளிரும் அந்த மணமும் அவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிறகு வயது போன காலத்தில் மீன்வளர்ப்புப் படித்து, 2006 தொடக்கம் மூன்று வருடம் ஒரு சிறிய உதவி நிறுவனத்தின் ஆளாகக் கம்போடியாவில் இருந்தேன். இன்றைக்குப் பேசப்போவது அந்த மூன்று வருடத்தைப் பற்றி.

ஏன் இன்றைக்கு என்றால், போன பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முல்லைத்தீவு மாவட்டத்தில் எங்கள் சங்கத்தின் பெயரில் ஒரு மீன்குஞ்சு பொரிப்பகம் கட்டிக் கொடுப்பது என்று. கட்டடத்தின் படமும் காட்டினார்கள். வடிவான படம். எல்லோரும் கை உயர்த்தினோம், நானும்தான் உயர்த்தினேன். வீட்டுக்குப் போய் இரவு நித்திரை வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்லத்தான் இந்த மேடையைக் கேட்டு வாங்கினேன்.

கம்போடியாவில் தாக்கேவ் என்று ஒரு மாகாணம். தலைநகர் புனோம் பென்னுக்குத் தெற்கே, வியட்நாம் எல்லையோடு ஒட்டி இருக்கிறது. தட்டையான வயல்நிலம், நடுநடுவே பனை. முதல் நாள் வாகனத்தில் போகையில் எனக்கு நெஞ்சை அடைத்தது. வன்னியைக் கொண்டுவந்து அங்கே விரித்துவிட்ட மாதிரி. அவர்களுக்கும் புத்தாண்டு ஏப்ரல் 13, 14இல்தான். சனமெல்லாம் நகரத்திலிருந்து ஊருக்குப் போய்விடும். வயலெல்லாம் வெடித்துக் கிடக்கும், குளத்தில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போயிருக்கும். எல்லோரும் வைகாசி மழையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த நாட்டில் மீன் இல்லாமல் சாப்பாடு இல்லை. தொன்லே சாப் என்ற பெரிய ஏரி இருக்கிறது. மழைக்காலத்தில் மேக்கொங் ஆறு பெருகினால், ஏரியிலிருந்து வருகிற ஆறு திரும்பி ஏரிக்குள்ளேயே ஓடும். இதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த ஏரிக்குப் பக்கத்தில் இருப்பவனுக்குப் பஞ்சமில்லை. தாக்கேவின் மேட்டுப்பக்கத்தில் இருப்பவனுக்கு மழை பெய்தால் வயலில் விரால், பனையேறிக்கெண்டை, கெளிறு அகப்படும். மழை பிழைத்தால் ஒன்றும் இல்லை. ஆகவே வீட்டுக்கு வீடு ஒரு சின்னக் குழி வெட்டி மீன் வளர்க்கச் சொன்னார்கள். சரி, குழி வெட்டலாம். குஞ்சுக்கு எங்கே போவது?

அரசாங்கப் பொரிப்பகம் தூரத்தில். வியட்நாம் பக்கத்திலிருந்து வியாபாரிகள் மோட்டார் சைக்கிளில் குஞ்சு கொண்டுவருவார்கள். விலை மலிவு. ஆனால் வெய்யிலில் அலைந்து, மூச்சு முட்டி, வாங்கி விட்ட மூன்றாம் நாள் மிதக்கும். யாரைப் போய்க் கேட்பது? வியாபாரி அடுத்த வருடம்தான் வருவான், சிலவேளை வரவே மாட்டான்.

இதற்காக ஜப்பானின் ஜைக்கா உதவியுடன் கம்போடிய மீன்வள நிர்வாகம் 2005 தொடக்கம் 2010 வரை ஒரு திட்டம் நடத்தியது. தாக்கேவ், கம்போட், கம்போங் ஸ்பூ, பிரே வெங் என்ற நான்கு மாகாணங்களில். பெரிய நிலையம் கட்டுவதை விட்டுவிட்டு, ஊரிலே மீன் வளர்க்கத் தெரிந்த ஒரு கமக்காரனைப் பிடித்து அவனுக்கே குஞ்சு பொரிக்கப் பழக்கினார்கள். அவன் தன்னிடம் குஞ்சு வாங்குகிறவர்களுக்கு வளர்க்கப் பழக்குவான். எங்கள் சின்ன நிறுவனம் அவர்களைப் பார்த்துப் படித்துத்தான் பக்கத்து ஊர்களில் அதையே செய்தது. கெட்டிக்காரத்தனம் எங்களுடையது இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு வாய்த்தது ஒரு அம்மா. அப்போது வயது ஐம்பதுக்கு மேலே. நாங்கள் எல்லோரும் ‘மிங்’ என்றுதான் கூப்பிடுவோம். கெமர் பாஷையில் சின்னம்மா மாதிரி. புருஷன் பொல் பொட் காலத்தில், 1975க்கும் 79க்கும் இடையில், போனவர். எங்கே போனார் என்று அவவுக்கே தெரியாது. இந்தச் சபையில் எத்தனை பேர் வீட்டில் அப்படி ஒரு ஆள் இருக்கிறது!

அவவின் தாய் மீன் குளம் வட்டமாக, கிண்ணம் மாதிரி இருக்கும். “ஆர் வெட்டினது?” என்று கேட்டேன். கையை மேலே காட்டினா. 1973இல் அமெரிக்க விமானம் போட்ட குண்டு வெட்டின குளம். கோடையிலும் வற்றாது, ஆழம் நல்லது என்று சொன்னா. அதற்குமேல் அவவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இனி வேலையைச் சொல்கிறேன். பிள்ளையளும் கேளுங்கோ, பள்ளிக்கூடத்தில் உதவும்.

அங்கே கூடுதலாகப் பொரிப்பது ‘சப்பின்’ என்ற வெள்ளி நிறக் கெண்டை. புல்லும் தவிடும் தின்னும், ஆறேழு மாதத்தில் சட்டிக்கு வந்துவிடும். ஆனால் வீட்டுக் குழியில் தானாக முட்டை போடாது. ஆற்று வெள்ளமும் மழையும் பட்டால்தான் அதன் உடம்புக்குக் காலம் தெரியும். அந்த வெள்ளத்தை ஊசியால் கொடுக்கிறோம். இந்த வித்தையில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கும் பங்கு உண்டு: 1957 ஜூலை 10இல் ஒரிசாவில் ஹீராலால் சௌதுரியும் அலிகுன்ஹியும், இன்னொரு மீனின் மூளையடிச் சுரப்பியை அரைத்து ஊசியாகப் போட்டு இந்தியக் கெண்டையை முட்டையிட வைத்தார்கள். இந்தியாவில் இன்றைக்கும் அந்த நாள்தான் மீன் வளர்ப்போர் தினம். பிறகு 1980களில் சீனத்து லின், கனடாவின் பீட்டர் என்ற இருவருடைய ஆராய்ச்சியால் சுரப்பி அரைக்கிற வேலையும் இல்லாமல் போயிற்று.

மிங் பாவித்த மருந்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒன்று ஆண்களின் புரொஸ்டேட் புற்றுநோய்க்குக் கொடுக்கிற புசரெலின் ஊசிமருந்து. மற்றது சத்திக்குக் கொடுக்கிற மோட்டிலியம் குளிசை, நாங்கள் ஊரில் விழுங்கின அதேதான். முதலாவது மீனின் மூளைச் சுரப்பியைத் தட்டி எழுப்பும். இரண்டாவது, ‘எழும்பாதே’ என்று தடுக்கிற டோப்பமீனைத் தடுக்கும். குளிசையை உரலில் அரைத்து, மருந்தில் கலக்கி, செட்டைக்கு அடியில் ஒரு ஊசி. மாலையில் போட்டால் நடுச்சாமத்தில், ஐந்தாறு மணித்தியாலத்தில், முட்டை வரும். அரைக்கிலோ, முக்கால் கிலோ மீன் ஒன்றிலேயே முட்டை லட்சக் கணக்கில்.

முட்டையைக் காய்ந்த பேசினில் பிதுக்கி, ஆண் மீனின் விந்தை அதன்மேல் விட்டு, கோழி இறகால் மெல்லக் கலக்க வேண்டும். கை பட்டால் முட்டை நசியும். பிறகுதான் தண்ணீர். முட்டை தண்ணீர் குடித்து ஊதி, பாதி மிதக்கும். அடியில் படுத்தால் செத்துவிடும். ஆனபடியால் விடிய விடியத் தண்ணீர் மெல்ல ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மிங்கிடம் இருந்த பொரிப்பகம் எவ்வளவு பெரிது தெரியுமா? செங்கல் தூணின்மேல் ஒரு தண்ணீர்த் தாங்கி, கீழே இரண்டு சீமெந்துத் தொட்டி, தொட்டிக்குள் மெல்லிய துணியில் தைத்த புனல் மாதிரிப் பைகள், மேலே பனையோலைக் கூரை. அவ்வளவுதான். வெப்பநாடு என்பதால் மறுநாளே பொரித்துவிடும். மூன்றாம் நாள் மஞ்சட்கரு கரைந்து வாய் திறக்கும். அவித்த முட்டையின் மஞ்சளைத் துணியில் வடித்துத் தீத்த வேண்டும். ஐந்து பிள்ளை வளர்க்கிறது சுகம் என்பா மிங்.

பொரிப்பது கஷ்டம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் பொரித்த பிறகுதான் கஷ்டம். இரண்டு லட்சம் பொரித்தாலும், விரலளவுக்கு வளர்த்துக் கொடுத்தால்தான் காசு. அந்த நாற்பது நாளில்தான் எல்லாம் போகும். இந்த இடத்தில் என் பிழையைச் சொல்ல வேண்டும்.

2007 ஆனி மாதம். நாற்றங்கால் மாதிரிக் குஞ்சுக்கும் ஒரு குளம் வேண்டும். குளத்தை வற்றவைத்து, காயவிட்டு, சுண்ணாம்பு போட்டு, மாட்டெரு போட்டுத் தண்ணீர் கட்ட வேண்டும். இதுவரை இருவருக்கும் ஒரே கருத்து. எத்தனை நாள் கழித்துக் குஞ்சு விடுவது என்பதில்தான் பிரச்சினை. குளிர்நாட்டுப் புத்தகம் படித்த நான், தண்ணீர் நன்றாகப் பச்சை பிடிக்கட்டும், இரண்டு கிழமை பொறுங்கள் என்றேன். மிங் தலையை ஆட்டினா. “நாலு நாளுக்கு மேலே விடக்கூடாது. தண்ணி பழசானால் அதுக்குப் பல்லு முளைக்கும்” என்றா. நான் மொழிபெயர்க்கிற பெடியனைப் பார்த்துச் சிரித்தேன். படிப்பறிவில்லாத மனுசி எண்டு நினைச்சன். நினைச்சன் எண்டதை இஞ்சை மறைக்கிறதுக்கு ஒண்டுமில்லை. தாளை எடுத்துக் காட்டினேன். அவ எனக்கு மரியாதை தந்து, ஊசி போடுகிற நாளைத் தள்ளிவைத்தா.

இரண்டு கிழமை கழிந்த பச்சைத் தண்ணீரில் ஒரு பின்னேரம் குஞ்சை விட்டோம். எட்டாம் நாள் நுளம்பு வலைத் துணியால் இழுத்துப் பார்த்தோம். வலை நிறைய உயிர் துடித்தது. ஒன்றும் மீன் இல்லை. மல்லாந்து நீந்துகிற ஒரு பூச்சியும், தும்பியின் புழுவும். இரண்டும் குஞ்சைப் பிடித்துத் தின்னுகிற சாதி. புதுத் தண்ணீரில் முதல் நாலைந்து நாள் மிகச் சின்ன உயிர்கள்தான் இருக்கும், அது குஞ்சுக்குத் தீன். நாள் போகப் போகப் பறந்து வந்து முட்டையிட்ட பூச்சி பெருக்கும், அப்போது குஞ்சுதான் அதுக்குத் தீன். குளிர்நாட்டில் இது ஆறுதலாக நடக்கும், அங்கே சுறுக்காக நடக்கும். மிங்குக்கு அது தெரிந்திருந்தது. தண்ணீரின் பல்லு என்று அவ சொன்னது இதைத்தான்.

ஒரு கை அள்ளுகிற அளவு குஞ்சு மிஞ்சியது. தாய் மீன்கள் முட்டை விட்டு ஓய்ந்துபோய்விட்டன, திரும்பத் தயாராக இரண்டு மாதமாவது வேண்டும். அதற்குள் வயலில் தண்ணீர் ஏறிவிடும், வாங்குகிறவனுக்குக் காலம் தப்பிவிடும். பன்னிரண்டு வீட்டுக்காரரிடம் அவ முற்பணம் வாங்கியிருந்தா.

அந்த இரவு என் பையிலிருந்து டொலர் எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. “நீ இரண்டு வருஷத்தில் போயிடுவாய். இந்தப் பன்னிரண்டு வீடும் இஞ்சைதான் இருக்கும்” என்றா. நாகு கன்று ஒன்று நின்றது, அதை விற்றா. இருபது கிலோமீற்றருக்கு அப்பால் இன்னொரு பொரிப்பகக்காரன், தொழிலில் அவவுக்குப் போட்டி ஆள். அவனிடம் போய் பாதிக் காசும் பாதிக் கடனுமாகக் குஞ்சு வாங்கி, பொலித்தீன் பையில் ஒட்சிசன் அடைத்துக் கொண்டுவந்து, பன்னிரண்டு வீட்டுக்கும் எண்ணிக் கொடுத்தா. அந்த நாளில் ஒரு குஞ்சு நூறு ரியேல் அளவில் போகும், ஒரு டொலருக்கு நாலாயிரம் ரியேல். எவ்வளவு இழந்திருப்பா என்று நீங்களே கணக்குப் பாருங்கள். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

அடுத்த வருடம் பயிற்சித் தாளில் அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். அந்தப் பாடத்தை மிங்தான் படிப்பித்தா. தண்ணீர் கட்டின நாலாம் நாள் குஞ்சு, பூச்சி தெரிந்தால் குஞ்சு விடமுன்னம் காற்றில்லாத நேரமாகப் பார்த்து மண்ணெண்ணெய் தெளித்து மேலே படலம் பிடிக்க வைப்பது. பூச்சி மூச்செடுக்க மேலே வரும், அதிலேயே முடிந்துவிடும். அந்த வருடம் கடனும் அடைந்தது, ஒரு கன்றும் வாங்கினா.

எல்லாப் பொரிப்பகமும் இப்படி நிமிரவில்லை. பக்கத்துப் பிரிவில் இரண்டு பேர் நல்லாகச் செய்துகொண்டு வந்தார்கள். ஒரு வெள்ளத்துக்குப் பிறகு ஒரு உதவி நிறுவனம், பெயர் வேண்டாம், வீட்டுக்கு வீடு இலவசமாகக் குஞ்சு கொடுத்தது. புண்ணியமான வேலைதான், படமும் எடுத்தார்கள். இலவசமாகக் கிடைக்கும்போது யார் காசு கொடுப்பான்? அந்த இரண்டு பேரும் தாய் மீனைக் கறிக்கு விற்றுவிட்டுக் கொழும்புக்குப் போகிற எங்கடை பெடியள் மாதிரி நகரத்துக்கு உடுப்புத் தொழிற்சாலைக்கும் மேசன் வேலைக்கும் போய்விட்டார்கள். அடுத்த வருடம் நிறுவனமும் இல்லை, குஞ்சும் இல்லை. அந்தத் தீர்மானம் எடுத்த கூட்டத்தில் நானும் ஒரு கதிரையில் இருந்தேன். வாய் திறக்கவில்லை.

இன்னுமொரு விஷயம், இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சின்னப் பொரிப்பகத்தில் தாய் மீன் கொஞ்சம்தான் இருக்கும். அண்ணன் தங்கைக்குள்ளேயே பொரித்துக்கொண்டு போனால் நாலைந்து தலைமுறையில் குஞ்சு சிறுக்கும், முடமாகும். ஆகவே பொரிப்பகக்காரர் ஒருவரோடொருவர் ஆண் மீனை மாற்றிக்கொள்ள வேண்டும். போட்டிக்காரனோடு பகை பிடித்தவன் இந்தத் தொழிலில் நிலைக்க மாட்டான். எங்கள் சங்கங்களுக்கும் இதைச் சொல்லலாம், ஆனால் இன்றைக்கு நல்ல நாள், விட்டுவிடுவோம்.

இப்போது முல்லைத்தீவுக்கு வருவோம். எங்கள் நாட்டில் 1990இல் அரசாங்கம், உயிர்வதை என்ற மதக் காரணம் காட்டி உள்நாட்டு மீன்வளர்ப்புக்கான ஆதரவை நிறுத்தியது. 1994இல்தான் திரும்ப வந்தது. வன்னிக்கு அப்போது ஆதரவு நின்றதும் தெரியாது, வந்ததும் தெரியாது. எங்களுக்கு வேறு கவலை இருந்தது. இடையிலே ஒன்று. மிங்கும் பௌத்தம்தான், வெள்ளிக்கிழமைக்கு எங்கள் அம்மாமார் மாதிரிப் பக்திக்காரி. வயது போன தாய் மீனை அவ கறி வைக்க மாட்டா. விகாரைக் குளத்தில் கொண்டுபோய் விடுவா.

கட்டடப் படத்தைப் பார்த்து எனக்கு ஏன் நித்திரை வரவில்லை? முதலாவது, தாக்கேவில் குளம் ஒரு வீட்டுக்குச் சொந்தம். வாங்கி விட்டவனே பிடிப்பான். எங்கள் முத்தையன்கட்டும் வவுனிக்குளமும் அப்படியில்லை. பொதுக் குளம், மீனவர் சங்கம். ஒருவன் குஞ்சு விட, ஊரே பிடிக்கும். அங்கே தனி ஆள் காசு கொடுத்துக் குஞ்சு வாங்க மாட்டான், சங்கம்தான் வாங்க வேண்டும். இரண்டாவது, காலம். எங்களுக்கு மாரி மழை. மார்கழியில் குளம் வான் பாயும். அதற்கு முன் குஞ்சு விட்டால் வானோடு கடலுக்குப் போய்விடும். வான் பாய்ந்து ஓய்ந்த பிறகு, விரலளவுக் குஞ்சாக, அந்த ஒன்றிரண்டு மாதத்துக்குள் ஆயிரக்கணக்கில் கையில் இருக்க வேண்டும். மூன்றாவது, பொரிப்பகம் கட்டினால் யார் நடுச்சாமத்தில் எழும்பித் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்ப்பது? சம்பளத்துக்கு ஆள் வைத்தால் சம்பளம் நிற்கிற அன்றைக்குத் தண்ணீரும் நிற்கும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். அந்தப் பணத்தைக் கட்டடத்தில் போட வேண்டாம். பொரித்த சின்னக் குஞ்சை அரச நிலையத்தில் விலைக்கு வாங்கலாம். அதை நாற்பது, ஐம்பது நாள் வளர்த்து விரலளவாக்கிச் சங்கங்களுக்கு விற்பதற்கு, குளத்தோடு கிட்ட இருக்கிற மூன்று நாலு குடும்பம் போதும். மண்குளம் வெட்டக் காசு, வலை, சுண்ணாம்பு. அதையும் இனாமாக இல்லை, ஆறுதலாகத் திருப்பித் தருகிற கடனாக. இரண்டு வருடம் ஓடினால், அந்தக் குடும்பங்களில் ஒன்று தானே பொரிக்கவும் கேட்கும். அப்போது தொட்டி கட்டுவோம். மீனவர் சங்கங்களிடம் முதலில் எழுத்தில் கேட்க வேண்டும், இந்த விலைக்கு வாங்குவீர்களா என்று. அவர்கள் ‘சும்மா தந்தால் வாங்குவோம்’ என்றால், நாங்கள் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

எங்கள் பெயர் பொறித்த கல் ஒன்றும் இதில் வராது. திறப்பு விழாப் படமும் வராது. பொருளாளர் தம்பியின் முகம் சுருங்குவது இங்கிருந்தே தெரிகிறது. ஊரில் இருந்து வருகிற கணக்கில் முதல் வருடம் நட்டம்தான் இருக்கும் என்பதையும் இப்போதே சொல்லி வைக்கிறேன். கை உயர்த்தின தீர்மானத்தை மாற்ற விசேட கூட்டம் வேண்டும் என்றால் கூட்டுங்கள். முதல் கையை உயர்த்தினவன் நான், முதல் கையை இறக்குவதும் நானாக இருக்கட்டும்.

மிங்கின் குளத்துப் படங்கள் கொண்டுவந்திருக்கிறேன். தேத்தண்ணி மேசைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், பாருங்கள். முத்தையன்கட்டுப் பக்கம் சொந்தக்காரர் இருக்கிறவர்கள், தண்ணீர் வற்றாத காணி தெரிந்தவர்கள், சாப்பிட்ட பிறகு என்னிடம் பெயர் தந்துவிட்டுப் போங்கள்.

முந்தாநாள் அவ பேரனின் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னா. அவைக்கும் வருஷம்தானே. எண்பதை எட்டுகிற வயசு, காது மந்தம், கத்திக் கதைக்க வேண்டும். “உங்கடை பக்கம் மழை வந்திட்டுதோ?” என்று கேட்டா. இஞ்சை இன்னும் வாசலில் சினோ கிடக்குது என்றேன். ஆண் மீனையும் பெண் மீனையும் பிரித்து வேறு வேறு குளத்தில் விட்டாச்சாம். முதல் மழைக்கு ஊசி.